கஜானாவைக் காலி செய்தவர் யார்? கடனைக் கட்டுபவர் யார்?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வகுப்பில், இலங்கையின் பொருளாதார நெருக்கடி பற்றி ஆற்றிய உரை)



“ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன, நம் பாடு நமக்கு” என்று ஒரு வார்த்தை நம் ஊர்களில் புழங்குகிறது. மில் கேட்டில் நோட்டீஸ் கொடுக்கும்போதும் இதைக் கேட்கிறேன். நடவு வயலின் வரப்பில் நின்று பேசும்போதும் கேட்கிறேன். சர்க்கார் எங்கோ உட்கார்ந்து ஏதோ சட்டம் போடுகிறது, அதற்கும் நம் வீட்டு உலைக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இதன் அர்த்தம். சம்பந்தம் உண்டா இல்லையா என்று நாம் தத்துவம் பேசித் தீர்க்க வேண்டியதில்லை. ராவணன் ஆண்டதாக நம்மவர் சொல்லும் அந்தத் தீவிலேயே, இலங்கையிலேயே, 2019 முதல் 2023 வரை நடந்ததை வரிசையாகப் பார்த்தால் போதும்.

நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். பண்டிதர்களின் பாஷை எனக்கு வராது. கூட்டலும் கழித்தலும் தெரியும். இந்த விஷயத்துக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

இலங்கை நமக்கு அந்நிய தேசம்தான். ஆனால் அந்த மலைகளில் கொழுந்து பறிக்கிறவர்கள் யார்? திருச்சி, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் சீமைகளிலிருந்து கங்காணி ஆள் பிடித்துக் கொண்டுபோன நம் முன்னோரின் பேரப்பிள்ளைகள். 2022 மார்ச்சில் கைக்குழந்தையோடு படகேறி தனுஷ்கோடி அரிச்சல்முனையில் வந்து இறங்கினவர்களை நினைத்துப் பாருங்கள். குண்டுக்குப் பயந்து அவர்கள் வரவில்லை. யுத்தம் 2009-லேயே முடிந்துவிட்டது. அரிசி வாங்க முடியாமல் வந்தார்கள். அந்த மே மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் ஏற்றிய கப்பல் கொழும்புக்குப் போயிற்று.

எப்படிப்பட்ட நாட்டுக்கு இந்தக் கதி வந்தது? நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்த நாடு. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் உள்ள நாடு. அங்கே 2022 மார்ச்சில் காகிதம் வாங்க டாலர் இல்லாமல் மேல் மாகாணத்துப் பள்ளிப் பரீட்சைகளை ஒத்திவைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. எண்ணெய்க்கும் காஸுக்கும் விடிய விடிய வரிசை. வரிசையில் நின்றபடியே கிழவர்கள் செத்து விழுந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், முந்தின வருஷத்தோடு ஒப்பிட்டால், கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.

மழை பொய்த்ததா? பூகம்பம் வந்ததா? இல்லை.

ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொரோனாவும் உக்ரைன் யுத்தமும்தான் காரணம் என்று அங்கே ஆண்டவர்கள் சொன்னார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2019 ஏப்ரலில் குண்டு வெடித்ததும் சுற்றுலாப் பயணிகள் நின்றார்கள்; அடுத்த ஆண்டு கொரோனா வந்து அடியோடு நின்றார்கள். ஆனால் கொரோனா வராத நாடு எது? சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற நாடுகள் வேறு இல்லையா? எல்லாரும் திவாலாகவில்லையே. எல்லாத் தெருவிலும் மழை பெய்தது, ஒரு வீடு மட்டும் இடிந்தது என்றால் அந்த வீட்டுச் சுவரைத்தானே போய்ப் பார்க்க வேண்டும்?

முதல் கையெழுத்து

2019 நவம்பர் 16-ந் தேதி ஜனாதிபதித் தேர்தல். கோட்டாபய ராஜபக்ச ஜெயித்தார். பதவியேற்ற சில நாட்களுக்குள் மந்திரிசபை வரிகளை வெட்டியது. பொருள்கள் மீதான மதிப்புக் கூட்டு வரி நூற்றுக்கு 15-லிருந்து 8 ஆயிற்று. இதோடு நின்றிருந்தால், ஏழைக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று சொல்லலாம். மற்றதையும் பாருங்கள். வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் செய்கிறவர் இந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்றிருந்ததை, 30 கோடி ரூபாய்க்கு வியாபாரம் செய்கிறவர் மட்டும் பதிவு செய்தால் போதும் என்று மாற்றினார்கள். கம்பெனிகளின் லாபத்தின் மீதான வரியை 28-லிருந்து 24 ஆக்கினார்கள். பெரிய உத்தியோகஸ்தர்களின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துவந்த வரியை எடுத்தேவிட்டார்கள். வருமான வரி கட்டத் தேவையில்லாத வரம்பைப் பல மடங்கு உயர்த்தினார்கள்.

இதில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? அவர் வருமான வரி கட்டுகிறவரா? கம்பெனி நடத்துகிறவரா? கடையில் ஒரு சோப்பு சில காசு குறைவாகக் கிடைத்திருக்கலாம், கடைக்காரர் மனசு வைத்திருந்தால். பெரும் தொகை மேலே இருந்தவர்களின் பையிலேயே தங்கிவிட்டது.

இந்த வெட்டைப் பொருளாதாரத்துக்கு ஊக்கம் என்று பெயர் வைத்துக் கொடுத்தார்கள். வரி குறைந்தால் முதலாளி முதல் போடுவார், தொழில் பெருகும், அப்புறம் குறைந்த வரியிலேயே நிறையப் பணம் வந்துவிடும் என்பது கணக்கு. நடந்தது என்ன? அதற்கு முன்பே உலகத்தில் மிகக் குறைவாக வரி வாங்கும் சர்க்கார்களில் ஒன்று அது. நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு சுமார் 12 பங்காக இருந்த சர்க்கார் வரவு, 2020-ல் சுமார் 9 பங்காக இறங்கியது. நாலில் ஒரு பங்கு வரவு ஒரே வருஷத்தில் போயிற்று. இதில் கொரோனாவின் பங்கும் உண்டு. ஆனால் கொரோனா வந்தபோது நோயாளிக்குச் செலவழிக்கப் பெட்டியில் காசு இல்லாமல் செய்தது அந்தக் கையெழுத்துத்தான்.

வரவு குறைந்தது; செலவு குறையவில்லை. வித்தியாசத்துக்கு என்ன செய்வது? வெளிநாட்டில் கடன் வாங்கலாம். ஆனால் கடன் கொடுக்கிறவன் உங்கள் வரவைப் பார்த்துத்தான் கொடுப்பான். சம்பளத்தை இழந்தவனுக்கு எந்த மார்வாடி கடன் கொடுப்பான்? 2020-லேயே உலகச் சந்தையில் இலங்கையின் பத்திரத்துக்கு மதிப்பு இறங்கி, புதுக் கடன் வாங்கும் வாசல் மூடிக்கொண்டது. உடனே மத்திய வங்கியை நோட்டு அடிக்கச் சொன்னார்கள். சர்க்கார் எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரத்தை மத்திய வங்கியே வாங்கிக்கொண்டு ரூபாய் கொடுத்தது. நோட்டு அடிக்கலாம், அரிசி அடிக்க முடியுமா, டீசல் அடிக்க முடியுமா? சரக்கு அதே அளவு, நோட்டு பல மடங்கு. விலை ஏறாமல் என்ன செய்யும்?

டாலர் போன வழி

ஒரு தேசம் தன் சொந்த நோட்டை அடித்துக்கொள்ளலாம். டாலரை அடிக்க முடியாது. எண்ணெய், மருந்து, கோதுமை, பால் பவுடர், மில்லுக்கு வேண்டிய உதிரிப் பாகம் எல்லாம் டாலர் கொடுத்தால்தான் கப்பலில் ஏறும். இலங்கை டாலர் சம்பாதிக்கும் வழிகள் நாலைந்துதான். தைத்த துணி, தேயிலை, சுற்றுலா, அயல்நாட்டில் வீட்டு வேலை செய்யும் பெண்களும் கட்டட வேலை செய்யும் ஆண்களும் அனுப்பும் பணம். அதாவது டாலர் சம்பாதித்துக் கொடுத்தது தையல்காரப் பெண்ணும், கொழுந்து பறிக்கும் பெண்ணும், வளைகுடாவில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணும். இதை மறந்துவிடாதீர்கள்.

செலவழித்தது யார்? 2007-லிருந்து இலங்கை சர்க்கார் உலகப் பணச்சந்தையில் டாலர் பத்திரங்கள் விற்றது. வட்டி அதிகம், தவணை குறைவு. சீனாக் கடனில்தான் இலங்கை மூழ்கியது என்று நம் ஊரில் பேசுகிறார்கள். சீனாவின் பங்கு ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். துறைமுகம், விமான நிலையம் என்று அந்தப் பணத்திலும் வீண் செலவு நடந்தது உண்மை. ஆனால் சர்க்காரின் வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தச் சந்தைப் பத்திரங்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பண நிறுவனங்கள்தான் அவற்றைப் பெருமளவில் வைத்திருந்தன.

2019 முடிவில் கையிருப்பு சுமார் 760 கோடி டாலர். அது கரைந்துகொண்டே வந்தது. கரையும்போதும் ரூபாயின் மதிப்பை டாலருக்கு 200 என்று கயிறு கட்டி நிறுத்தினார்கள். வெளிநாட்டில் வேலை செய்கிறவர் பாங்கு வழியாக அனுப்பினால் 200, கள்ளச்சந்தையில் அதைவிட மிக அதிகம். யார் பாங்குக்குப் போவார்கள்? பாங்கு வழியாக வந்த பணமும் வற்றியது.

அப்படி வற்றிய வேளையில் 2022 ஜனவரி 18-ந் தேதி ஒரு பத்திரத் தவணை வந்தது. 50 கோடி டாலர். மருந்து இல்லை, காஸ் இல்லை, ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்தத் தவணையை நிறுத்திக் கடன்காரர்களோடு பேசுங்கள் என்று அந்நாட்டிலேயே பலர் சொன்னார்கள். கேட்கவில்லை. முழுத் தொகையும் கட்டினார்கள். மூன்று மாதம் கழியவில்லை, ஏப்ரல் 12-ந் தேதி இனி வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மே மாதம் நிதி மந்திரி அலி சப்ரி, செலவழிக்கக் கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று பார்லிமெண்டில் சொன்னார். ஜனவரியில் பத்திரக்காரனுக்குப் போனது 50 கோடி. மே மாதத்தில் நாட்டுக்கே 5 கோடி இல்லை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள்.

கட்டியிருந்த கயிற்றை மார்ச்சில் அவிழ்த்தார்கள். மே மாதத்துக்குள் ஒரு டாலர் 360 ரூபாயைத் தொட்டது. தோட்டத் தொழிலாளர்கள் பல வருஷம் போராடி 2021-ல்தான் நாள் கூலி 1,000 ரூபாய் என்று வாங்கியிருந்தார்கள். வாங்கும்போது அது 5 டாலர். ஒரு வருஷத்தில் அது 3 டாலருக்கும் கீழே. எந்த முதலாளியும் கூலியைக் குறைத்து நோட்டீஸ் ஒட்டவில்லை. கூலி பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிட்டது. நம் ஆலையில் பஞ்சப்படியை ஒரு பைசா வெட்டினால் வேலை நிறுத்தம் என்கிறோம். இது வெட்டியவனின் முகமே தெரியாத வெட்டு.

வயலில் விழுந்த அடி

விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். 2021 ஏப்ரல் கடைசியில் மந்திரிசபை ஒரு தீர்மானம் போட்டது. மே 6-ந் தேதி கெஜட்டில் வந்தது. ரசாயன உரமும் பூச்சி மருந்தும் இனி இறக்குமதி கூடாது, நாடு முழுதும் இயற்கை விவசாயம் என்றார்கள். மண்ணுக்கு நல்லது, உடம்புக்கு நல்லது என்று பிரசங்கம் நடந்தது. உரம் வாங்கும் டாலர் மிச்சமாகும் என்ற கணக்கும் அதன் அடியில் இருந்தது.

இயற்கை உரத்துக்கு நான் விரோதி அல்ல. குப்பை அடித்த வயலை யார் வேண்டாம் என்பார்? ஆனால் நாற்பது ஐம்பது வருஷமாக யூரியா தின்று பழகிய நிலம், அதற்கென்றே உண்டாக்கிய நெல் ரகம். ஒரே போகத்தில் நிறுத்து என்றால் பயிர் என்ன செய்யும்? ஒரு நாட்டுக்கு வேண்டிய குப்பை எரு எங்கே இருக்கிறது? எந்த வண்டியில் வரும்? இதைக் கேட்க ஒரு சம்சாரியைக் கூப்பிட்டிருந்தால் வரப்பில் உட்கார்ந்தே பதில் சொல்லியிருப்பார். விவசாய நிபுணர்கள் எழுத்திலேயே எச்சரித்தார்கள். கேட்பார் இல்லை.

சீனாவிலிருந்து இயற்கை உரக் கப்பல் ஒன்று வந்தது. அதில் கெடுதலான கிருமி இருக்கிறது என்று இலங்கை அதிகாரிகளே பரிசோதித்துத் திருப்பினார்கள். பின்னர் 2022 ஜனவரியில் அந்தக் கம்பெனிக்கு 67 லட்சம் டாலர் கட்டினார்கள். உரமும் இல்லை, டாலரும் இல்லை.

நவம்பரில் தடையை விலக்கினார்கள். பெரும்போகத்து நடவு அதற்குள் ஆகிவிட்டது. விளைச்சல் விழுந்தது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசியை வெளியிலிருந்து வாங்கியது, இல்லாத டாலரில். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி இலங்கை ரூபாய் நஷ்டஈடு என்று அறிவித்தார்கள். நிலம் உள்ளவருக்கு நஷ்டஈடு. அறுவடைக் கூலியை நம்பியிருந்தவருக்கு? அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இராது. அது நமக்குத் தெரிந்த கதைதான்.

தேயிலையிலும் அதே அடி. 2021-ல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி 2022-ல் சுமார் 25 கோடி கிலோ. கொழுந்து குறைந்தால் கம்பெனிக்கு லாபம் குறையும். தொழிலாளிக்கோ அன்றைய சோறே குறையும். குறித்த கிலோ பறித்தால்தான் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் என்று கணக்கு வைக்கும் தோட்டங்கள் அவை. உரம் இல்லாமல் செடி துளிர்க்காததற்குக் கூடையைச் சுமந்தவளின் பேரை அரையாக்கினார்கள்.

இந்தத் தொழிலாளிகள் 1948-ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் தேசமற்றவர்களாகி, அடுத்து ஓட்டையும் இழந்தவர்கள். ஓட்டு இல்லாதவரின் லயத்துக்குக் கூரை மாற்ற எந்த மந்திரி வருவார்? எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைத்து முடிய 2003-ம் வருஷம் வரை சட்டம் போட வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு பின்தங்கிய பள்ளியும் ஆஸ்பத்திரியும் அந்த ஒரு சட்டத்தின் பொருளாதாரம்.

கணக்கு யார் தலையில்?

கோபம் வெடித்தது உங்களுக்குத் தெரியும். மார்ச் 31, காலிமுகத்திடல், மே 9-ல் மகிந்த ராஜிநாமா, ஜூலை 9-ல் ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள், 13-ந் தேதி விடியுமுன் கோட்டாபய விமானம் ஏறினார். அந்தப் படங்களை எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம்மில் பலர் பார்க்கவில்லை. 

சர்க்கார் பெட்டியில் ஓட்டை விழுந்தால் யாரிடம் வசூல் செய்வது என்பது அந்த நாட்டில் பழைய கேள்வி. 1953-ல் கொரிய யுத்தம் ஓய்ந்து ரப்பர் விலை விழுந்து பற்றாக்குறை வந்தபோது, ரேஷன் அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவைக்கூட வெட்டினார்கள். ஆகஸ்டு 12-ந் தேதி இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தன. தீவே ஸ்தம்பித்தது, மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க் கப்பலில் ஏறிக் கூடியது. பிரதம மந்திரி டட்லி சேனநாயக்க அக்டோபரில் ராஜிநாமா செய்தார். அரிசி விலையை ஓரளவு இறக்கினார்கள்.

2022-க்குப் பிறகு அப்படி இறங்கவில்லை. ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானார். சர்வதேச நாணய நிதி 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. நான்கு வருஷத்தில் தவணை தவணையாக, நிபந்தனையோடு. 8 ஆக்கிய மதிப்புக் கூட்டு வரி 12 ஆயிற்று, 15 ஆயிற்று, 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. குறைக்கும்போது 15-லிருந்து குறைத்தார்கள். ஏற்றும்போது 18-க்கு ஏற்றினார்கள். மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய். அது மீனவனின் படகுக்கும் லயத்துப் பெண்ணின் அடுப்புக்கும் போகிற எண்ணெய். மின்சாரக் கட்டணத்தையும் இரண்டு தடவை பெருமளவில் ஏற்றினார்கள். கம்பெனி வரியையும் பிற்பாடு உயர்த்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் லாபம் வந்தவர்தான் அதைக் கட்ட வேண்டும், பொருள் வரியைப் பசித்தவர் எல்லாரும் கட்ட வேண்டும்.

மில் தோழர்களுக்கு இன்னொன்று. அங்கே நம் பி.எஃப். போலவே ஊழியர் சேமலாப நிதி உண்டு. தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி 12. நாட்டின் கடனைச் சீர்செய்ய வேண்டும், சர்க்கார் பத்திரம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, 2023 ஜூலையில் பார்லிமெண்ட் என்ன முடிவு செய்தது? பாங்குகள் வைத்திருந்த ரூபாய்ப் பத்திரங்களைத் தொடவில்லை. பாங்கு ஆட்டம் கண்டால் நாடே ஆட்டம் காணும், அவை ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன என்றார்கள். தொழிலாளரின் சேமலாப நிதி வைத்திருந்த பத்திரங்களை நீண்ட தவணைக்கு, பின்னால் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். சம்மதிக்காவிட்டால் நிதியின் வருமானத்துக்கு 14-க்குப் பதில் 30 சதம் வரி என்றார்கள். அந்த நிதியை நிர்வகிப்பது மத்திய வங்கி; சம்மதம் சொன்னதும் அதுவே. பணத்துக்குச் சொந்தக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரி வெட்டில் லாபம் கண்டவரிடமிருந்து 2020-ல் விட்டதைத் திருப்பித் தா என்றும் யாரும் கேட்கவில்லை.

2023 நவம்பர் 14-ந் தேதி அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட், கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் கவர்னர்களும் நிதித் துறை உயர் அதிகாரிகளும் ஜனங்களின் நம்பிக்கையை மீறிப் பொருளாதாரத்தைக் கெடுத்தார்கள் என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பு. வழக்குத் தொடுத்தவர்களுக்குச் செலவுத் தொகையாக 1,50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அன்றைய தோட்டக் கூலியில் 150 நாள். ஊழல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். கோர்ட் எடுத்துக்கொண்ட வரி வெட்டும், ரூபாய்க்குக் கட்டிய கயிறும், கட்டிய தவணையும் திருட்டுத்தனமாக ராத்திரியில் நடந்தவை அல்ல. மந்திரிசபையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்து, பகலில் கையெழுத்துப் போட்டு நடந்தவை.

(உரை முடிந்ததும் ஒரு ஸ்பின்னிங் தோழர், “நம் நாட்டிலும் இப்படி வருமா?” என்று கேட்டார். அதற்கு அளித்த பதில்:)

அதே மாதிரி நாளைக்கே வந்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். நம் நாட்டின் டாலர் கையிருப்பு பெரிது, உற்பத்தி பெரிது, கடனில் பெரும் பகுதி ரூபாயில்தான். ஆனால் கேள்வி நியாயமானது. இலங்கை வரியை வெட்டிய அதே 2019-ல், செப்டம்பர் 20-ந் தேதி, டெல்லி சர்க்காரும் ஓர் அவசரச் சட்டத்தால் கம்பெனிகளின் வரியை 30-லிருந்து 22 ஆக இறக்கியது. வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வரவு குறையும் என்று நிதி மந்திரியே சொன்னார். 2022 ஜூலை 18 முதல் பாக்கெட்டில் அடைத்த அரிசிக்கும் தயிருக்கும் 5 சதம் ஜி.எஸ்.டி. வந்தது. இந்த இரண்டையும் நீங்கள் பத்திரிகையில் தனித்தனி நாளில், தனித்தனிப் பக்கத்தில் படித்திருப்பீர்கள். அடுத்த பட்ஜெட் வரும் நாளில் பேப்பரைக் கிழித்து வடை மடிக்காமல் வைத்திருங்கள். எந்த வரி யாருக்குக் குறைந்தது, எது யாருக்கு ஏறியது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாத தோழர்களுக்குப் பக்கத்தில் உள்ளவர் எழுதிக் கொடுக்கலாம். அடுத்த வகுப்பில் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.